கரண்ட் வைக்கும்போது ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டால் குடலுக்கு நல்லதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதிர்வீச்சுப் பிரிவின் வாசலில் ஒரு மேசை, ஓர் எடை மிஷின், பக்கத்தில் நான். உணவு ஆலோசகர் வேலை. இங்கே வருகிறவர்கள் யாரும் "கதிர்வீச்சு" என்று சொல்வதில்லை, "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். இடுப்புப் பகுதிக்குக் கரண்ட் வைத்துக்கொள்பவர்களில் பாதிப்பேர் இரண்டாவது வாரத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து நிற்பார்கள். உள்ளே பச்சை கேப்ஸ்யூல், நெல்லிக்காய் ஜூஸ் பாட்டில், மஞ்சள் மாத்திரை, யாரோ சொந்தக்காரர் அனுப்பிய பவுடர் டப்பா. "இது குடலுக்கு நல்லதாமே?" என்று ஆரம்பிப்பார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

கரண்ட் வைக்கிறது கர்ப்பப்பைக்குத்தானே மேடம், வயித்தால ஏன் போகுது?

கர்ப்பப்பைக்கு முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், மேலே சிறுகுடல் சுருள் சுருளாகத் தொங்குகிறது. எவ்வளவு குறிபார்த்து அடித்தாலும் பக்கத்து வீட்டுக்கும் கொஞ்சம் போகும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வழக்கமாக வாரம் ஐந்து நாள், ஐந்து வாரம், மொத்தம் 45 முதல் 50 கிரே (கதிரை அளக்கும் கணக்கு) வரை வெளியிலிருந்து கரண்ட் கொடுப்பார்கள். உள்ளே வைக்கும் கரண்ட் தனிக்கணக்கு.

குடலின் உள்பூச்சு மூன்றிலிருந்து ஐந்து நாளில் முழுதும் உதிர்ந்து புதிதாக வளர்வது. அதற்கான நாற்றங்கால் குடல் சுவரின் சின்னச் சின்னக் குழிகளில் இருக்கிறது. வேகமாகப் பிரியும் செல்களைத்தான் கரண்ட் அதிகம் தாக்கும், ஆகவே அடி நாற்றங்காலுக்கு விழுகிறது. வயலில் நிற்கிற பயிர் சில நாள் தாங்கும். அப்புறம் அது உதிர உதிர, நட்டு நிரப்ப நாற்று இருக்காது. முதல் வாரம் நன்றாக இருந்தவருக்கு இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் பேதி ஆரம்பிப்பது இதனால்தான். பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சை முடிந்த சில வாரங்களில் குடல் தேறிவிடும்.

ஆன்டிஆக்சிடன்ட்னா என்னங்க? அதுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நம் செல்லில் பெரும்பகுதி தண்ணீர். கரண்ட் பாயும்போது அந்தத் தண்ணீர் மூலக்கூறு உடைந்து ஹைட்ராக்சில் என்ற படு முரட்டுத் துகள் பிறக்கிறது. அருகில் கிடைப்பதையெல்லாம் தாக்கும், டிஎன்ஏ கிடைத்தால் அதையும் வெட்டும். எக்ஸ்ரே வகைக் கதிர்கள் செய்யும் சேதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த வழியாக நடப்பதுதான். இந்தத் துகளை டிஎன்ஏவைத் தொடுமுன் பிடித்து அமுக்கிவிடக்கூடிய பொருள்களுக்குத்தான் ஆன்டிஆக்சிடன்ட் என்று பெயர். விட்டமின் சி, விட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் எல்லாம் இந்தக் கூட்டம்.

யோசனை புதிதல்ல. 1949இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் ஹார்வி பாட் என்பவரின் குழு, சிஸ்டீன் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலத்தை எலிகளுக்குக் கொடுத்துவிட்டு எக்ஸ்ரே அடித்தது. செத்துப்போக வேண்டிய எலிகளில் பல பிழைத்தன. அடித்த பிறகு கொடுத்தபோது பலனே இல்லை. காரணம் நேரம்: ஹைட்ராக்சில் துகளின் ஆயுள் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுதான். கரண்ட் பாயும் அந்தக் கணத்தில் மருந்து செல்லுக்குள், டிஎன்ஏவுக்குப் பக்கத்தில், நிறைய இருக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மாத்திரை போட்டால், காலையில் நடந்த அந்த வெட்டை அது தடுக்காது.

அப்ப கரண்டுக்கு முன்னாடியே போட்டுட்டு வந்தா சரியாப் போச்சே? ஏன் வேணாங்கறீங்க?

குடலைத் தாக்கும் அதே ஹைட்ராக்சில்தான் கட்டியையும் கொல்கிறது. மாத்திரை ரத்தத்தில் கலந்தபின் அது நல்ல செல், கெட்ட செல் என்று பார்த்துப் போவதில்லை. குடலுக்குக் குடை பிடித்தால் கட்டியும் அதே குடைக்குள் வந்து நின்றுகொள்ளலாம். நாம் கரண்ட் வைப்பதே கட்டியை நனைக்கத்தான்.

இது வெறும் பயமா என்றால், இல்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்துக்கொண்ட 540 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு விட்டமின் ஈ (ஆரம்பத்தில் கொஞ்சம் பேருக்குப் பீட்டா கரோட்டினும் சேர்த்து), மறு பாதிக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு வாய்ப்புண் போன்ற பக்கவிளைவு நிஜமாகவே குறைந்தது. ஆனால் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, மாத்திரை சாப்பிட்ட பிரிவில் இறப்பு விகிதம் 38 சதவீதம் கூடுதலாக இருந்தது. கரண்ட் வைக்கும் காலத்திலும் சிகரெட் பிடித்தவர்களிடம்தான் இந்தக் கெடுதல் தெரிந்தது என்று 2008இல் அதே குழு எழுதியது. அது வாய், தொண்டைப் பகுதி. நாம் பேசுவது குடல். இருந்தாலும் பக்கவிளைவும் குறைந்து ஆயுளும் குறைகிற வியாபாரம் நமக்கு வேண்டாம் என்பதற்கு இந்த ஒன்றே எனக்குப் போதும்.

மெடிக்கல் ஷாப்ல கேட்டேன். "வெறும் விட்டமின்தான், என்ன ஆயிடப் போகுது"ன்னாரு.

ஒரு நாளைக்கு நமக்குத் தேவையான விட்டமின் ஈ சுமார் 15 மில்லிகிராம். முடி வளர்வதற்கென்று எல்லோரும் வாங்கும் பச்சைக் கேப்ஸ்யூல் ஒன்றில் 400 மில்லிகிராம் இருக்கும். இந்த அளவில் அது உணவு அல்ல, மருந்து. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ரத்தக்கசிவையும் கூட்டும்.

பீட்டா கரோட்டின் கதை இன்னும் மோசம். கேரட்டில் இருப்பதுதானே என்று பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பவர்களை வைத்துப் பெரிய ஆய்வு செய்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது 18 சதவீதம் கூடியிருந்தது.

அப்ப நெல்லிக்காய், மஞ்சள், கீரை எதுவுமே கூடாதா? எதைத்தான் சாப்பிடறது?

சாப்பிடுங்கள். முந்தைய பதிலில் சொன்ன கணக்குத்தான்: தட்டில் வருகிற அளவு வேறு, டப்பாவில் வருகிற அளவு வேறு. ரசத்தில் மிளகு, சாம்பாரில் மஞ்சள், ஒரு கரண்டிக் கீரை, ஒரு கொய்யா, இவற்றால் கரண்டின் வேலை கெடும் என்று யாரும் காட்டியதில்லை. பயந்துபோய் வெறும் கஞ்சியில் நின்று எடை இறங்குகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

மஞ்சளை மாத்திரையாக எடுப்பதுதான் பிரச்சினை. மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்ற பொருள் சாதாரணமாகக் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. அதற்காக மிளகின் சாரத்தைச் சேர்த்து விற்கிறார்கள். அப்படிப்பட்ட மாத்திரைகளால் கல்லீரல் வீங்கியவர்கள் உண்டு. கூடவே வாரம் ஒரு கீமோ ஓடும்போது இந்த வம்பு எதற்கு?

துளசியும் ஏதோ இமயமலை மூலிகையும் கரண்டுலேர்ந்து காப்பாத்தும்னு நம்ம விஞ்ஞானிகளே கண்டுபிடிச்சிருக்காங்களாமே?

கண்டுபிடித்தது உண்மை. மணிப்பாலில் துளசியிலிருந்து ஓரியன்டின், விசெனின் என்ற இரண்டு பொருள்களைப் பிரித்துச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கதிர்வீச்சின் பாதிப்பு குறைந்தது. டெல்லியில் ராணுவ ஆராய்ச்சித் துறையின் அணு மருத்துவ நிறுவனம் போடோஃபில்லம் என்ற இமயமலைச் செடியை வைத்து நிறைய வேலை செய்திருக்கிறது.

ராணுவம் இதில் ஏன் இறங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். அணுகுண்டோ உலை விபத்தோ நடந்தால், உடம்பு முழுக்க ஒரே அடியாகக் கதிர் வாங்கிய ஆளைக் காப்பாற்ற வேண்டும். அதிகம் வாங்கியவர்களில் குடல் சிதைந்தே பலர் சாவார்கள். அந்தச் சிப்பாய்க்குக் கட்டி கிடையாது. எல்லாச் செல்லையும் காப்பாற்றினால் நல்லது. நம் கேள்வியே வேறு. அப்புறம், போடோஃபில்லம் விஷச்செடி. வீட்டில் காய்ச்சிக் குடித்துப் பார்க்கிற விஷயம் இல்லை.

நல்ல செல்லை மட்டும் காப்பாத்துற மருந்து ஒண்ணுகூட இல்லையா?

ஒன்று இருக்கிறது: அமிஃபோஸ்டின். பனிப்போர் காலத்தில் அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வு நிறுவனம், பாட் கண்டுபிடித்த அந்தக் கந்தகச் சங்கதியைப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பொருள்களைச் சோதித்தது. அதில் தேறியது இது. ஊசியில் போவது செயலற்ற மருந்து. நல்ல திசுவில் அதிகமுள்ள ஒரு நொதி அதை வெட்டிச் செயலுக்குக் கொண்டுவரும். கட்டியில் அந்த நொதியும் ரத்த ஓட்டமும் குறைவு என்பதால் அங்கே அவ்வளவாக வேலை நடக்காது. வாய் உலர்வதைக் குறைக்க 1999இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மலக்குடல் பாதிப்பைத் தடுக்கவும் இதைப் பயன்படுத்தலாம் என்று புற்றுநோய்ப் பக்கவிளைவுகளுக்கான சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், வாந்தி பின்னியெடுக்கும், ஒவ்வொரு நாளும் கரண்டுக்குச் சற்று முன் ஊசி போட வேண்டும். அதனால் வழக்கத்தில் பரவவில்லை.

மாத்திரையில் பார்த்தால், மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் சல்ஃபசலசீனைத் தினம் இரண்டு வேளை கொடுத்துக் குடல் பாதிப்பைக் குறைக்கலாம் என்று அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. அதை எழுதுவது டாக்டர் வேலை. குளுட்டமின் என்ற அமினோ அமிலப் பவுடர் டப்பா வாங்கி வைத்திருப்பவர்களுக்கு: இடுப்புக் கரண்ட் பேதிக்கு அது உதவவில்லை என்று அமெரிக்காவில் 129 பேரிடம் பார்த்தாகிவிட்டது. விலையும் கொஞ்சமில்லை.

செலினியம் நல்லதுன்னு ஒரு வீடியோவுல ஜெர்மனி ஆராய்ச்சியைக் காட்டினாங்களே?

அந்த ஆராய்ச்சி நிஜம், நல்ல ஆராய்ச்சியும்கூட. கர்ப்பப்பை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருந்த 81 பெண்கள். செலினியம் என்ற தாதுச்சத்தைக் கொடுத்தவர்களில் 20.5 சதவீதம் பேருக்கும், கொடுக்காதவர்களில் 44.5 சதவீதம் பேருக்கும் ஓரளவு கடுமையான பேதி வந்தது. பிற்பாடு ஆயுளிலும் வித்தியாசம் தெரியவில்லை.

வீடியோவில் சொல்லாமல் விட்டது ஒன்று: அந்த 81 பேருமே ரத்தப் பரிசோதனையில் செலினியம் குறைவாக இருந்தவர்கள். குறைந்ததை நிரப்பினார்கள். போதுமான அளவு இருப்பவர் மேலே மேலே போட்டால் முடி கொட்டும், நகம் உடையும், வாயில் பூண்டு வாடை வரும். பரிசோதித்துக் குறைவு என்று தெரிந்தால் டாக்டரிடம் பேசலாம்.

டாக்டரே கொடுத்த இரும்பு, ஃபோலிக் மாத்திரையையும் நிறுத்தணுமா?

வேண்டாம். குறைவு இருப்பதால் கொடுத்தது அது. ரத்தம் குறைவாக இருந்தால் கட்டிக்கு ஆக்சிஜன் போகாது, கரண்டும் சரியாக வேலை செய்யாது.

விட்டமின் சி டிரிப் ஏத்துனா தெம்பு வரும்னு ஒரு கிளினிக்ல சொல்றாங்க, ஏத்திக்கலாமா?

நரம்பு வழியாக அதிக அளவில் ஏற்றும் விட்டமின் சி, மாத்திரை மாதிரி நடந்துகொள்ளாது. ரத்தத்தில் அளவு எக்கச்சக்கமாக ஏறும்போது அது ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கி எதிர்வேலை செய்ய ஆரம்பிக்கும். அதை வைத்துக் கட்டியை அடிக்கலாமா என்று தனியாக ஆராய்ச்சி நடக்கிறது. தெம்பு டிரிப்பில் சேர்த்து ஏற்ற அது காரணமாகாது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு ரத்த அணுக்கள் உடைந்துவிடும். நம்மில் பலருக்கு இந்தக் குறைவு இருப்பதே தெரியாது. சுகர் இருப்பவர்களுக்கு இன்னொன்று: டிரிப் ஏறிய பிறகு விரலில் குத்திப் பார்க்கும் மிஷின் சர்க்கரையைத் தப்பாகக் காட்டலாம். அதை நம்பி இன்சுலின் போட்டால் விபரீதம்.

மாத்திரை ஆரம்பிச்சப்புறம்தான் பேதி ஜாஸ்தியான மாதிரி இருக்கு. எனக்கு மட்டும்தானா?

உங்களுக்கு மட்டும் இல்லை. போன வருஷம் ஓர் அம்மா, பேதி நாளுக்கு எட்டுத் தடவை என்று வந்தார். பையைக் கொட்டச் சொன்னேன். மென்று தின்னும் விட்டமின் சி மாத்திரை, 500 மில்லிகிராம். எத்தனை என்றால், "புளிப்பு மிட்டாய் மாதிரி இருக்கா, அப்பப்ப ஒண்ணு வாயில போட்டுக்குவேன்." அட்டையை எண்ணினால் நாளுக்கு ஆறு வருகிறது. இரண்டு கிராமைத் தாண்டினால் நல்ல குடலுக்கே விட்டமின் சி பேதி கொடுக்கும், கரண்ட் பட்ட குடலைக் கேட்கவா வேண்டும். அதோடு காலையில் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் ஜூஸ் வேறு. இரண்டையும் நிறுத்திய மூன்றாம் நாள் நாலு தடவையாகக் குறைந்தது. டாக்டர் பேதியை நிறுத்தும் மாத்திரையும் கொடுத்திருந்தார், எல்லாப் பெருமையும் எனக்கில்லை.

மெக்னீசியம் கலந்த சத்து மாத்திரை, சர்க்கரை இல்லாதது என்று விற்கும் இனிப்புகள், இவையும் இதே வேலையைச் செய்யும்.

அப்ப குடலைக் காப்பாத்த நிஜமா என்னதான் பண்ணலாம்?

தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு மேசையில் படுங்கள். கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் என்னிடம் இதைவிட நல்ல பதில் இல்லை. நிறைந்த சிறுநீர்ப்பை பலூன் மாதிரி உப்பிச் சிறுகுடலை மேலே தள்ளிவிடும், கதிர் பாயும் இடத்தைவிட்டுக் குடல் விலகும். மலக்குடல் காலியாக இருக்க வேண்டும், சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். பிளான் சிடி (கரண்ட் எங்கே பாய வேண்டும் என்று திட்டமிட எடுக்கும் ஸ்கேன்) எடுத்த அன்று எவ்வளவு குடித்து எவ்வளவு நேரம் காத்திருந்தீர்களோ, தினமும் அதே கணக்கு. மேசையில் நழுவிவிடுமோ என்ற கூச்சத்தில் பெயர் கூப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடிவிட்டு வருகிற அம்மாக்கள் நிறையப் பேர். ஓடினால் டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள், அவர் திட்டமாட்டார், மறுபடி தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பார்.

இரண்டாவது, கரண்ட் கொடுக்கும் முறை. மும்பை டாட்டா மெமோரியலில், கர்ப்பப்பையை எடுத்த பிறகு கரண்ட் தேவைப்பட்ட 300 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினம் படமெடுத்துப் பார்த்து, குடலைச் சுற்றி வளைத்துக் கொடுக்கும் ஐஎம்ஆர்டி. மறு பிரிவுக்குப் பழைய முறை. மூன்று வருஷம் கழித்துக் குடல் தொந்தரவு பழைய முறையில் 42.4 சதவீதம், புதிய முறையில் 21.1 சதவீதம். நோய் கட்டுப்படுவதில் வித்தியாசமில்லை.  உங்களுக்கு எந்த முறை என்று டாக்டரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

தயிர், நார்ச்சத்து, பால்? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

"நார்ச்சத்தையே தொடாதே" என்று முன்பு நாங்களே சொன்னோம், நானும் சொல்லியிருக்கிறேன். 2017இல் லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையின் ஆய்வு அதை ஆட்டிவிட்டது. இடுப்புக் கரண்டின்போது நார்ச்சத்து கூட்டிச் சாப்பிட்டவர்களுக்கே குடல் நிலைமை மேலாக இருந்தது. இப்போது பேதி கடுமையாக இருக்கிற நாள்களில் மட்டும் குறைக்கச் சொல்கிறேன். மற்ற நாளில் வாழைப்பழம், அவரை, வெந்த காய் தாராளமாக.

இத்தாலியில் 490 பேரிடம் எட்டு வகை நல்ல பாக்டீரியா கலந்த பாக்கெட் கொடுத்துப் பார்த்ததில் பேதி 51.8 சதவீதத்திலிருந்து 31.6க்கு இறங்கியது. வீட்டுத் தயிர் அந்தப் பாக்கெட் ஆகாது, ஆனாலும் ஒத்துக்கொண்டால் மோராகக் குடியுங்கள். கீமோவில் வெள்ளை அணு இறங்கியிருந்தால் பாக்டீரியா பாக்கெட்டை டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். பால் பலருக்கு இந்த ஐந்து வாரம் ஒத்துவராது. பேதிக்கு ஓஆர்எஸ், ஒரு பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர். ரத்தம், காய்ச்சல், வழக்கத்தைவிட ஏழு தடவைக்கு மேல் போவது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வாருங்கள்.

கரண்ட் முடிஞ்சு ஒண்ணரை வருஷம் ஆச்சு. இப்ப மலத்துல ரத்தம் வருது. இப்பவாவது விட்டமின் ஈ சாப்பிடலாமா?

இது வேறு கட்டம். இப்போது காப்பாற்ற வேண்டிய கரண்டும் இல்லை, ஹைட்ராக்சில் மழையும் இல்லை. ஆறு மாதம் முதல் பல வருஷம் கழித்து வருவது ரத்தக்குழாய் சுருங்கி, திசு இறுகி, மேற்பரப்பில் மெல்லிய புதுக்குழாய்கள் கிளம்பிக் கசிகிற சங்கதி. அங்கே நாள்பட்ட வீக்கமும் ஆக்சிஜன் துகள்களின் தொல்லையும் உண்டு என்பதால் ஆன்டிஆக்சிடன்ட்டுக்கு ஓர் இடம் இருக்கலாம். 2001இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் 20 பேருக்கு விட்டமின் ஈயும் சியும் கொடுத்துப் பலருக்குத் தொந்தரவு குறைந்தது. ஒப்பிட மாற்றுப் பிரிவு இல்லை. விட்டமின் ஏ கொடுத்த இன்னொரு ஆய்வும் சிறியதுதான். இறுகின திசுவுக்கு, ரத்த ஓட்டத்துக்கான பென்டாக்சிஃபைலின் மாத்திரையோடு விட்டமின் ஈ சேர்த்துச் சில டாக்டர்கள் கொடுப்பதுண்டு.

ஆனால் முதலில் ரத்தம் எங்கிருந்து என்று பார்க்க வேண்டும். எல்லா ரத்தமும் கரண்டால் வந்ததாக இருக்காது. குடல் டாக்டரிடம் போகும்போது "இடுப்புக்குக் கரண்ட் வைத்திருக்கிறேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கரண்ட் பட்ட மலக்குடலின் முன்சுவரில் அவசியமில்லாமல் சதை எடுத்தால் ஆறாத புண்ணாகும். கசிவுக்குச் சுக்ரால்ஃபேட் என்ற மருந்தை எனிமாவாக ஏற்றுவது, ஆர்கான் வாயுவால் சுடுவது என்று வழிகள் இருக்கின்றன. ரத்தம் இல்லாமல், எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டதும் ஓட வேண்டியிருக்கிறது என்றால் பித்த உப்பு சரியாக உறிஞ்சப்படாமல் இருக்கலாம், அதற்குத் தனி மருந்து உண்டு. பி12 அளவையும் வருஷம் ஒரு தடவை பாருங்கள்.

மேடம், மூணு வாரமா விட்டமின் ஈ சாப்பிட்டுட்டேன், டாக்டர்கிட்ட சொல்லல. எல்லாம் வீணாப் போச்சா?

இந்தக் கேள்வியை யாரும் மேசை முன்னால் நின்று கேட்பதில்லை. எடை பார்த்து, செருப்பை மாட்டிக்கொண்டு, போகிற போக்கில் கேட்பார்கள். வீணாகவில்லை. மேலே சொன்ன கனடா ஆய்வில் வருஷக்கணக்கில் சாப்பிட்டார்கள். அதிலும் எல்லோருக்கும் கெடுதல் வந்துவிடவில்லை. இன்றைக்கு நிறுத்துங்கள், அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

பயத்தில் கரண்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வெளிக்கரண்ட், உள்கரண்ட் இரண்டும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டித் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் கட்டிக்குச் சாதகம். நாளைக்குப் பத்து மணி என்றால் ஒன்பதே காலுக்கு வந்து தண்ணீர் குடிக்க ஆரம்பியுங்கள்.